கர்ப்பப்பைக்குள் ஒரு சதைக் கொழுந்து: வாசகியர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் அதிக உதிரப்போக்கு பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றி வருகின்றன: பாலிப். ஸ்கேன் தாளில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் இத்தனை பேரா என்று மனம் கனத்தது. அதனால் இந்த இதழ் முழுவதும் அதற்கே.

*

எனக்கு 43 வயது. இரண்டு பிள்ளைகள். எட்டு மாதமாக, மாதவிலக்கு முடிந்து ஐந்தாறு நாளில் மறுபடியும் கறை படுகிறது. மாதவிலக்கின்போதும் அளவுக்கு மீறிப் போகிறது. ஹீமோகுளோபின் 8.2. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் 1.8 செ.மீ. பாலிப் என்று வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தொல்லைக்கு டி அண்ட் சி (கர்ப்பப்பையின் உட்புறத்தைச் சுரண்டுவது) செய்தார்கள். நான்கு மாதம்தான் நன்றாக இருந்தேன். இப்போது ஒரு மருத்துவர், "பிள்ளை பெற்றாகிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி" என்கிறார். என் நாத்தனாரும் அதையே சொல்கிறார். வயிற்றைக் கிழிக்காமல் பாலிப்பை மட்டும் எடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகி, அருப்புக்கோட்டை

உண்மைதான், சகோதரி. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல், வந்த அன்றே வீடு திரும்பும்படி எடுக்கலாம். உங்கள் நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மாதாமாதம் தடித்து உதிர்வது அதுதான். அந்தச் சவ்வின் ஓரிடம் மட்டும் உதிராமல், தனக்கென ஒரு இரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு கொழுந்துபோல வளர்ந்துவிடும். அதுதான் பாலிப். சிலருக்குக் காம்போடு திராட்சை தொங்குவதுபோல இருக்கும். சிலருக்குக் காம்பில்லாமல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். மிளகு அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுவரை நான் எடுத்திருக்கிறேன். உங்களுடையது ஒரு பெரிய வேர்க்கடலைப் பருப்பு அளவு. இதன் மேற்புறம் எளிதில் கசியும். இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே உங்களுக்குக் கறை படுவது அதனால்தான்.

சுரண்டிய பிறகும் ஏன் திரும்பி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது திரும்பி வராமலே இருந்திருக்கலாம். முதலிலேயே போகாமல் இருந்திருக்கலாம். டி அண்ட் சி என்பது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. கரண்டி போன்ற கருவியை உள்ளே விட்டு, கையின் உணர்வை மட்டும் நம்பிச் சுரண்டுகிறோம். காம்பில் ஆடும் பாலிப் கருவி வரும்போது ஒதுங்கும், போனதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். நான் முதுநிலை படித்தபோது பயிற்சி பெற்ற மருத்துவமனையில் ஒரு பூக்காரம்மா இருந்தார். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை அவருக்குச் சுரண்டினோம். அதில் ஒரு முறை சுரண்டியவள் நான். மூன்று முறையும் பயாப்சியில், அதாவது சதைப் பரிசோதனையில், "குறையொன்றுமில்லை" என்றே வந்தது. பிறகு வேறோர் ஊரிலிருந்து ஹிஸ்டரோஸ்கோப்புடன் வந்த மூத்த மருத்துவர் உள்ளே பார்த்தார். கர்ப்பப்பையின் இடது மூலையில், கருக்குழாய் திறக்கும் வாய்க்குப் பக்கத்தில், கை படாமல் அப்படியே இருந்தது பாலிப். மூன்று முறை மயக்க மருந்து, மூன்று முறை கூலி இழந்த நாட்கள். அந்த அம்மாவின் முகம் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கண்ணால் பார்க்காமல் பாலிப்பை எடுக்காதீர்கள் என்று நான் விடாமல் சொல்லிவருவதற்குக் காரணம் அவர்தான்.

ஹிஸ்டரோஸ்கோப் என்பது ஒரு மெல்லிய தொலைநோக்கிக் குழாய். பலவற்றின் வெளியுறை 4, 5 மில்லிமீட்டர்தான். பெரிய பாலிப்புக்குப் பயன்படும் ரிசெக்டோஸ்கோப் இதைவிடத் தடிமன், ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். கர்ப்பப்பை வாய் வழியாக அதை உள்ளே செலுத்தி, உப்புநீரைப் பாய்ச்சுவோம். ஒட்டிக் கிடக்கும் கர்ப்பப்பைச் சுவர்கள் விலகி இடம் கிடைக்கும். உள்ளே இருப்பதெல்லாம் திரையில் தெரியும். காம்பு சுவரில் எங்கே பிடித்திருக்கிறதோ அந்த வேரில் சின்னக் கத்தரிக்கோலாலோ, மின்சாரம் பாயும் வளையத்தாலோ வெட்டி, துண்டை வெளியே எடுத்து, பயாப்சிக்கு அனுப்புவோம். பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அறுவை அரங்கில் திரையைவிட முக்கியமான ஒன்று உண்டு. அது நர்ஸின் குரல். "உள்ளே போனது 1,200, வெளியே வந்தது 1,050" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இடையில் குறையும் 150 மில்லி உங்கள் உடம்புக்குள் போயிருக்கலாம் என்று அர்த்தம். உப்புநீரென்றால் ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்தக் குறை 2,500 மில்லிவரை போகலாம். பழைய முறையில் பயன்படும் கிளைசின் கரைசலென்றால் 1,000 மில்லியோடு நிறுத்திவிட வேண்டும். மீறினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி மூளைவரை பாதிக்கும். எந்தத் திரவம், யார் கணக்கு வைப்பார் என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஆபத்தே இல்லையா? உண்டு. கர்ப்பப்பைச் சுவரில் துளை விழலாம், கிருமி தொற்றலாம், இரத்தம் போகலாம். நெதர்லாந்தில் 13,600 ஹிஸ்டரோஸ்கோப்பிகளைக் கணக்கெடுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பார்வையிட்டவை, அறுவை செய்தவை எல்லாம் சேர்த்து 38 பேருக்குத்தான் சிக்கல் வந்திருந்தது.

இனி நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். பாலிப்புக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுப்பது, ஓட்டில் ஒழுகுகிறதென்று வீட்டையே இடிப்பது போல. கர்ப்பப்பை நீக்கம் பெரிய அறுவை. சூலகங்களை விட்டுவைத்தாலும், சிலருக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தொல்லைகள் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. நம் நாட்டில் இது எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதற்கு அரசாங்கக் கணக்கே உண்டு. 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வில், ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 8.9 சதவீதம் பேர் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்களாக இருந்தார்கள். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி எதற்கு" என்ற வாக்கியத்தை நம் வீடுகளிலிருந்தும் நான் துரத்த விரும்புகிறேன். கர்ப்பப்பை உங்கள் உடம்பின் ஓர் உறுப்பு.

பயாப்சியில் கெட்ட அணுக்கள் வந்தாலோ, வேறு பெரிய காரணங்கள் சேர்ந்தாலோ கதை வேறு. அதைப் பயாப்சி சொல்லட்டும்.

முதலில் ஹீமோகுளோபினை ஏற்றுங்கள். 8.2 போதாது. இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசியாகவும் ஏற்றலாம். பிறகு, மாதவிலக்கு முடிந்த கையோடு நாள் குறியுங்கள். சவ்வு மெல்லிதாக இருக்கும் அந்த நாட்களில்தான் உள்ளே தெளிவாகத் தெரியும்.

*

என் அம்மாவுக்கு 62 வயது. மாதவிலக்கு நின்று பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் இரண்டு நாட்கள் லேசாகக் கறை பட்டது, தானாக நின்றுவிட்டது. "உடம்புச் சூடு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மருத்துவரிடம் வர மறுக்கிறார்.
– மகள், பட்டுக்கோட்டை

இந்த வாரமே அழைத்துப் போங்கள். மற்ற எல்லாக் கடிதங்களையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் உங்களுக்குத்தான் பதில் எழுதினேன், தாளில் இரண்டாவதாக வந்திருக்கிறது.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சொட்டு பட்டாலும் அது பரிசோதிக்க வேண்டியதுதான். தானாக நின்றுவிட்டது என்பதால் விட்டுவிட முடியாது. என் பெரியம்மா ஏழு மாதம் மறைத்தார். தன் உள்பாவாடையை யாரும் எழுமுன் விடியற்காலையில் தானே துவைத்து, மற்ற துணிகளுக்கு அடியில் காயப்போட்டார். வீட்டில் மருத்துவர் ஒருத்தி இருந்தும் சொல்ல நாக்கு எழவில்லை அவருக்கு. தெரியவந்தபோது அது புற்றுநோயாக இருந்தது, கர்ப்பப்பையைத் தாண்டியிருந்தது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு இருப்பது சவ்வு மெலிந்து வந்த சாதாரணக் கசிவாகவோ, சாதாரணப் பாலிப்பாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் பாலிப்பில் நூற்றில் ஓரிரண்டில் கெட்ட மாற்றம் இருக்குமென்றால், மாதவிலக்கு நின்றவர்களுக்கு அது ஐந்துவரை போகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உடல் பருமனும் உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பயாப்சி வேண்டும். பாலிப் தெரிந்தால் ஹிஸ்டரோஸ்கோப்பில் பார்த்து முழுதாக எடுத்துவிட வேண்டும்.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். மருத்துவ வரலாற்றில் முதன்முதலாகக் கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்து வைத்தியம் செய்தவர் பாந்தலியோனி என்ற இத்தாலிய மருத்துவர். ஆண்டு 1869. அன்று மின்விளக்கு இல்லை, தீபச் சுடரின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உள்ளே அனுப்பினார்கள். அவரிடம் வந்தவர் 60 வயதுப் பெண், மாதவிலக்கு நின்ற பிறகு கறை பட்டவர். உள்ளே இருந்தது பாலிப் போன்ற ஒரு வளர்ச்சி. சில்வர் நைட்ரேட் வைத்து அதைச் சுட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பாட்டி கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் போயிருக்கிறார். உங்கள் அம்மாவும் வருவார். பெண் மருத்துவரிடம் அழைத்துப் போவதாகச் சொல்லுங்கள். உள்ளே நீங்களும் கூடவே இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

*

வயது 31. திருமணமாகி நான்கு ஆண்டுகள், குழந்தை இல்லை. ஐ.யு.ஐ. (விந்தணுவைக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) செய்யலாம் என்று போனபோது 9 மி.மீ. பாலிப் இருப்பது தெரிந்தது. "முதலில் இதை எடுப்போம்" என்கிறார் மருத்துவர். கர்ப்பப்பைக்குள் கருவி பட்டால் கரு தங்காது என்று மாமியார் பயப்படுகிறார்.
– வாசகி, ஓசூர்

மாமியாரின் பயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கண்மூடித்தனமாக அழுத்திச் சுரண்டினால் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்படி நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்துக்கொண்டே, பாலிப்பின் வேரை மட்டும் வெட்டும்போது சுற்றியுள்ள சவ்வு அப்படியே இருக்கும். அடுத்த மாதவிலக்கோடு அந்த இடமும் ஆறிவிடும். உங்கள் வயதுக்கு மின்சாரம் பாயாத கத்தரிக்கோலே போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். 9 மி.மீ. பாலிப்புக்கு அது பெரும்பாலும் போதும்.

ஸ்பெயினின் மட்ரிடில் நடந்து, 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு எனக்கு எப்போதும் துணை. பாலிப் உள்ள, ஐ.யு.ஐ.க்குக் காத்திருந்த 215 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாலிப்பை எடுத்தார்கள். மற்றவர்களுக்குத் துளி சதை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்கள். எடுத்தவர்களில் கருத்தரித்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் பலர் முதல் ஐ.யு.ஐ.க்கு முன்பே, தாமாகவே கருத்தரித்துவிட்டார்கள். எடுத்தால் குழந்தை உறுதி என்று யாரும் வாக்குத் தர முடியாது, நானும் தரவில்லை. கணவரின் பரிசோதனையும் முடிந்துவிட்டதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை முதலில் முடியுங்கள்.

*

மயக்க மருந்து என்றாலே எனக்கு நடுக்கம். மயக்கமில்லாமல் செய்ய முடியுமா? வலிக்குமா?
– வாசகி, நாகர்கோவில்

முடியும். இத்தாலியின் பாரி நகர மருத்துவர் பெத்தொக்கி, கர்ப்பப்பை வாயை இடுக்கியால் பிடிக்காமல், விரிப்பான் கருவி போடாமல், உப்புநீரின் ஓட்டத்தோடு குழாயைச் செலுத்தும் முறையை 1997இல் விவரித்தார். வலியில் பெரும்பகுதி அந்த இடுக்கியாலும் விரிப்பானாலும் வருவதுதான்.

நானே அப்படித்தான் செய்துகொண்டேன். 49 வயதில் எனக்கும் நடுவில் கறை பட்டது. ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். முதலில் மாதவிலக்கின் முதல் நாள் வலி அடிவயிற்றைக் கவ்வியது. பிறகு திரையில் வந்தது அது. வெளிர்சிவப்பாக, காது மடல் நுனியைப் போல வழவழப்பாக, மேலே பட்டுநூல்போல இரத்தக்குழாய்கள் ஓட, கிணற்றுப் பாசி அசைவதுபோல உப்புநீரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பெண்களுக்குள் பார்த்ததை எனக்குள் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்கோல் மூன்று முறை மூடித் திறந்தது. பாலிப்பில் நரம்பில்லை, வெட்டியது எனக்குத் தெரியவே இல்லை. வலித்தது, கர்ப்பப்பை வாய் வழியாக அதை வெளியே இழுத்தபோதுதான்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. பிரிட்டனில் 507 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. புறநோயாளியாக விழித்த நிலையில் செய்தவர்களில் 19 சதவீதம் பேருக்குப் பாலிப்பை முழுதாக எடுக்க முடியவில்லை. மயக்கத்தில் செய்தவர்களில் அது 7 சதவீதம். ஆனால் கர்ப்பப்பையில் துளை விழுந்த நால்வருமே மயக்கத்தில் செய்தவர்கள். பாலிப் பெரிதென்றால், சுகப்பிரசவம் ஆகாதவரென்றால், அல்லது மனம் இடம் கொடுக்காதென்றால் சில நிமிட மயக்கத்தை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. விழித்திருந்து செய்யும்போது தாங்க முடியாவிட்டால் "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். சொன்ன நொடியில் நிறுத்துகிற மருத்துவரிடம் போங்கள்.

*

வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் 6 மி.மீ. பாலிப். எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. வயது 36. எடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

வேண்டாம், இப்போதைக்கு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த பாலிப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஓராண்டுக்குள் தானாகவே மறைந்துவிடுகிறது. சில மாதம் கழித்து, மாதவிலக்கு முடிந்த கையோடு மறுபடியும் ஸ்கேன் எடுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் எடுத்தால் தடித்த சவ்வே பாலிப் போலத் தோன்றிவிடும். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அந்த மாத்திரை பாலிப்பை வளர்க்கக்கூடியது. கறை பட்டால் உடனே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

*

ஒரு நாள்கூடத் தங்காத அறுவைக்குக் காப்பீடு கிடைக்குமா? அன்றே பஸ்ஸில் ஊர் திரும்பலாமா?
– வாசகி, திண்டிவனம்

மயக்க மருந்தோ, மரத்துப்போகும் ஊசியோ கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் முடியும் அறுவைகள் "டே கேர்" பிரிவில் வரும். தங்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது. ஆனால் புறநோயாளிச் சிகிச்சை என்று ரசீது போட்டால் கிடைக்காது. பல பாலிசிகளில் கர்ப்பப்பைத் தொல்லைகளுக்கு இரண்டாண்டுக் காத்திருப்பும் உண்டு. அறுவைக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மயக்கத்தில் செய்திருந்தால் அன்று தனியாகப் போக வேண்டாம், துணையோடு போங்கள், முடிந்தால் காரில். ஓரிரு நாளில் வேலைக்குப் போகலாம். லேசான கறை ஒன்றிரண்டு வாரம் இருக்கும். அது நிற்கும்வரை தாம்பத்தியமும் குளத்துக் குளியலும் வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு – இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

*

ஐந்து மாதங்களுக்கு முன் பாலிப் எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். பயாப்சி முடிவு பத்து நாளில் வரும் என்றார்கள். நான் போய் வாங்கவே இல்லை. ஏதாவது இருந்தால் அவர்களே கூப்பிட்டிருப்பார்கள் அல்லவா? வயது 52.
– வாசகி, தென்காசி

கூப்பிட்டிருப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். தொலைபேசி எண் மாறியிருக்கலாம், தாள் வேறு கோப்பில் போயிருக்கலாம். எத்தனையோ முறை நடந்திருக்கிறது. பாலிப்பை எடுத்தது பாதி வேலைதான். அந்தத் துண்டு என்ன சொல்கிறது என்று படித்தால்தான் மீதி முடியும்.

நாளை காலையிலேயே போங்கள். டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் உங்கள் நோயாளி எண் இருக்கும். முடிவுத் தாள் தொலைந்துவிட்டது என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். உங்கள் சதைத் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்துப் பல ஆண்டுகள் லேபில் வைத்திருப்பார்கள், மறுபடியும் பார்த்துச் சொல்ல முடியும். தாளைக் கையில் வாங்கியதும் கூடத்திலேயே நின்று படிக்காமல், மருத்துவர் அறைக்குள் போய் அவரையே படித்து விளக்கச் சொல்லுங்கள். முடிவு எதுவானாலும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். எதிர்பார்த்திருப்பேன்.